பாட்டுக்குள்ளே போய்ப் பார்க்கலாம்!

மாட் கோப்பு ஒன்றைத் திறந்து வைத்து, பாட்டு ஓடுவதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே கேட்கும் சுகம் இருக்கிறதே, அதற்கு ஈடான ஒன்றை நான் இசையில் இதுவரை கண்டதில்லை. திரையில் நாலு பத்திகள். எழுத்தும் எண்ணுமாக வரிகள் மேல்நோக்கி ஏறிக்கொண்டே இருக்கும். நடுவில் ஒரு பட்டை. அந்தப் பட்டைக்கு வந்து சேரும் வரி ஒலிக்கும். டிரம் அடி விழப்போவது காதுக்கு முன்பே கண்ணுக்குத் தெரிந்துவிடும். பேஸ் எந்த இடத்தில் மூச்சு வாங்கி நிற்கிறது, மெட்டு எந்த இடத்தில் வழுக்கி மேலே ஏறுகிறது, எல்லாம் கண்ணெதிரே நடக்கும். வேண்டுமானால் நிறுத்தி, ஒரு சுரத்தை மாற்றி, மறுபடி ஓடவிடலாம். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். அந்தக் கோப்பே அப்படித்தான் செய்யப்பட்டிருக்கிறது.

எலக்ட்ரானிக் இசையும் கோப்புப் பகிர்வும் என்று பேச்செடுத்தால் எல்லாரும் நேராக நாப்ஸ்டருக்குப் போவார்கள். 1999, எம்பி3, வழக்குகள், கம்பெனிகளின் அலறல். பெரிய கதைதான், மறுக்கவில்லை. ஆனால் என் மனசை அள்ளிக்கொண்டு போனது அதற்குப் பன்னிரண்டு வருஷம் முந்தி, 1987-இல், ஜெர்மனியில் தொடங்கிய கதை. நாப்ஸ்டரில் பாட்டு பகிரப்பட்டது. அதனால் கேட்பவர்கள் பெருகினார்கள். மாட் கோப்புகளை உண்டாக்கும் நிரல்களான டிராக்கர்களின் உலகத்தில் பாட்டோடு அதைச் செய்த வழியும் சேர்ந்தே பகிரப்பட்டது. அதனால் செய்பவர்கள் பெருகினார்கள். இந்த வித்தியாசத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் புல்லரிக்கிறது.

இந்த ஒலியை நம்மில் பலர் பெயர் தெரியாமலே கேட்டிருக்கிறோம். இரண்டாயிரத்தை ஒட்டிய வருஷங்களில் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யும் கடைகளிலும் பிரவுசிங் சென்டர்களிலும் பொழுதைக் கழித்தவர்களுக்குக் 'கீஜென்' ஞாபகம் இருக்கும். திருட்டு மென்பொருளுக்குச் சாவி எண் தரும் குட்டி நிரல். அதைத் திறந்ததும் ஸ்பீக்கரிலிருந்து ஒரு மெட்டு துள்ளிக்கொண்டு கிளம்பும். கடைக்காரர் எண்ணைக் குறித்துக்கொண்டு பட்டென்று மூடிவிடுவார். "அண்ணா, ஒரு நிமிஷம் அப்படியே விடுங்களேன்" என்று கெஞ்சியவன் நான். சாவி எண் எனக்கு எதற்கு? அந்தப் பாட்டு வேண்டும். அதைத் தேடிக்கொண்டு போனவன்தான் டிராக்கர் உலகத்துக்குள் விழுந்தேன். இன்னும் வெளியே வரவில்லை.

நாலு சேனல், அரை எம்பி நினைவகம்

1985-இல் கொமடோர் நிறுவனம் அமிகா கம்ப்யூட்டரை வெளியிட்டது. அதற்குள் 'பவுலா' என்றொரு சில்லு. அதுவரை வீட்டுக் கம்ப்யூட்டர்கள் பெரும்பாலும் தாமே உண்டாக்கும் கீச்சொலிகளைக் கொண்டுதான் இசைத்தன. பவுலாவோ பதிவு செய்த நிஜ ஒலித்துண்டுகளை, அதாவது சாம்பிள்களை, சுருதி மாற்றி இசைக்கும். டிரம் என்றால் டிரம்மே, குரல் என்றால் குரலே. ஒரே நேரத்தில் நாலு சேனல்: இரண்டு இடக் காதுக்கு, இரண்டு வலக் காதுக்கு. 8 பிட் தரம். 1987-இல் வீடுகளுக்குள் நுழைந்த அமிகா 500-இல் மொத்த நினைவகமே 512 கிலோபைட்.

அதே 1987-இல் கார்ஸ்டன் ஒபார்ஸ்கி என்ற ஜெர்மானிய இளைஞர், விளையாட்டுகளுக்கு இசையமைப்பதற்காக 'அல்டிமேட் சவுண்ட்டிராக்கர்' என்ற நிரலை எழுதினார். சாம்பிள்களைப் பத்திகளில் வரிவரியாக அடுக்குவதுதான் அதன் வேலை. 64 வரிகள் சேர்ந்தால் ஒரு பேட்டர்ன். பேட்டர்ன்களை வரிசைப்படுத்தினால் ஒரு பாட்டு. கடையில் விற்பதற்காக வந்த அந்த நிரலைப் பிள்ளைகள் பிரித்து மேய்ந்தார்கள். ஒருவர் திருத்திய பதிப்பை இன்னொருவர் திருத்தினார். ஸ்வீடனில் மஹோனி, காக்டஸ் என்ற பெயர்களில் இயங்கிய இருவர் 1989-இல் நாய்ஸ்டிராக்கரைக் கொண்டுவந்தார்கள். அடுத்து புரோடிராக்கர் வந்து ஊரையே ஆண்டது.

இந்த நிரல்கள் உண்டாக்கிய கோப்புதான் மாட். அதற்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள்: சாம்பிள்கள் அத்தனையும் இருக்கும், எந்த சாம்பிள் எந்த வரியில் எந்தச் சுருதியில் ஒலிக்க வேண்டும் என்ற குறிப்பும் இருக்கும். ஒலிப்பதிவு என்பது இலையில் பரிமாறிய சாப்பாடு என்றால், மாட் கோப்பு நம் கையைப் பிடித்து அடுப்படிக்கே கூட்டிப்போய், அளந்து வைத்த மளிகையையும் எழுதி வைத்த பக்குவத்தையும் காட்டிவிடுகிறது. சில நூறு கிலோபைட்டுக்குள் ஐந்து நிமிஷப் பாட்டு, அதன் ரகசியம் முழுவதோடும்!

நாலே சேனலை வைத்துக்கொண்டு அந்தப் பிள்ளைகள் செய்த சாகசங்கள் இருக்கின்றனவே! கார்டு வாசிக்க மூன்று சுரங்கள் வேண்டும்; மூன்று சேனல் செலவழித்தால் டிரம்முக்கும் பேஸுக்கும் எங்கே போவது? ஆகவே ஒரே சேனலில் மூன்று சுரங்களையும் நொடிக்கு 50 தடவை மாற்றி மாற்றி ஓடவிட்டார்கள். காது அதை ஒரு மினுமினுக்கும் கார்டாக எடுத்துக்கொள்கிறது. சுரத்துக்குப் பக்கத்தில் 047 என்று எழுதினால் மேஜர். 037 என்றால் மைனர். மூன்று எண்களில் ஒரு பாட்டின் மனநிலையே மாறிவிடும். எதிரொலி வேண்டுமா? கருவி கிடையாது. அதே மெட்டை இன்னொரு சேனலில் சில வரிகள் தள்ளி, ஒலியைக் குறைத்து எழுது. குகைக்குள் பாடுவது போலக் கேட்கும். கிக், ஸ்னேர், ஹைஹேட் மூன்றையும் ஒரே சேனலில் கோத்து, அவற்றுக்கு நடுவே கிடைத்த இடுக்கில் பேஸ் சுரத்தைச் செருகியவர்கள் உண்டு. கேட்கும்போது ஒரு குழுவே வாசிக்கிறது என்று தோன்றும். திறந்து பார்த்தால் நாலு பத்திதான். முதன்முதலில் இதைப் பார்த்த நாளில் ஒரே பேட்டர்னை நிறுத்தி நிறுத்தி ஓட்டிக்கொண்டே இருந்தேன். சாப்பிடக் கூப்பிட்டது காதில் விழவில்லை.

தபால்தலை ஒட்டிப் போன பாட்டுகள்

இணையம் வீட்டுக்கு வராத காலம். பாட்டு ஊர்விட்டு ஊர் போனது தபாலில். ஃபிளாப்பியை உறையில் போட்டு ஒஸ்லோவிலிருந்து ஹாம்பர்க்குக்கு, அங்கிருந்து வார்சாவுக்கு. இதையே முழுநேர வேலையாகச் செய்தவர்களை 'ஸ்வாப்பர்' என்பார்கள். தபால்தலை மேல் பசை தடவி அனுப்புவார்கள். பெறுபவர் முத்திரையைக் கழுவிவிட்டு அதே தலையைத் திருப்பி ஒட்டுவார். பள்ளிக்கூடப் பையன்களின் கையில் காசு ஏது? மோடம் வைத்திருந்தவர்கள் தொலைபேசி வழியே பிபிஎஸ் எனப்படும் பலகைகளில் ஏற்றி இறக்கினார்கள். 1992-இல் அமிநெட் என்ற சேமிப்பகம் இணையத்தில் தொடங்கியது. 1996-இல் 'மாட் ஆர்க்கைவ்' வந்தது. அது இன்றும் இருக்கிறது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கோப்புகள், அத்தனையும் இலவசம்.

எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். புரோடிராக்கரில் ஒவ்வொரு சாம்பிளுக்கும் பெயர் எழுத 22 எழுத்துக்கு இடம் உண்டு. 'பேஸ் டிரம்', 'ஸ்ட்ரிங்ஸ்' என்று எழுதுவதற்கான இடம். அந்த 31 வரிகளையும் இவர்கள் கடிதமாக்கிவிட்டார்கள்! முதல் வரியில் தன் பெயர், அடுத்ததில் தன் குழு, கீழே நண்பர்களுக்கு வாழ்த்து, 'இந்த டிரம் இன்னாரிடமிருந்து எடுத்தது' என்று நன்றி, 'ராத்திரி மூன்று மணி, தூங்கப்போகிறேன்' என்று ஒரு பெருமூச்சு. மெட்டு ஓடும்போது இந்த வரிகளையும் வாசிப்பேன். முகம் தெரியாத யாரோ, எங்கோ பனிக்காலத்து இரவில் தட்டி எழுதியது. பாட்டும் கடிதமும் கருவியும் ஒரே கோப்பில் வந்து சேர்ந்த வேறு ஏதாவது இசை உலகில் உண்டா, சொல்லுங்கள்!

பாடம் கற்றதும் இப்படித்தான். இவர்களில் பலருக்கு வாத்தியார் கிடையாது, இசைக் கல்லூரி கிடையாது. பிடித்த பாட்டைத் திறப்பது, மூன்று சேனலை அணைத்துவிட்டு ஒன்றை மட்டும் கேட்பது, 'ஓ, இப்படித்தான் செய்திருக்கிறானா' என்று கண்டுபிடிப்பது, மறுநாள் தன் பாட்டில் அதையே ஒரு படி தாண்டிச் செய்வது. ஜெர்மனியில் ஒருவர் கண்டுபிடித்த உத்தி சில வாரங்களில் நார்வேயிலும் போலந்திலும் ஒலிக்கும். இசை வரலாற்றில் கற்றல் இத்தனை வேகமாக, இத்தனை கைகளுக்குப் பரவியது அபூர்வம்.

பின்லாந்துப் பிள்ளைகள்

1993-இல் பின்லாந்தின் 'அசெம்பிளி' விழாவில் ஃபியூச்சர் க்ரூ என்ற குழு 'டெமோ' எனப்படும் ரகத்தைச் சேர்ந்த 'செகண்ட் ரியாலிட்டி' என்ற காட்சிப் படைப்பைத் திரையிட்டு முதல் பரிசை வென்றது. ஐபிஎம் ரகப் பிசியில் இப்படியெல்லாம் செய்ய முடியுமா என்று உலகமே வாயைப் பிளந்தது. இசை பர்ப்பிள் மோஷன், ஸ்காவென் இருவருடையது. பயன்படுத்திய கருவி அவர்கள் குழுவே எழுதிய ஸ்க்ரீம் டிராக்கர் 3. அதையும் அடுத்த வருஷம் எல்லாருக்கும் இலவசமாகக் கொடுத்துவிட்டார்கள். அதே 1994-இல் ஸ்வீடனின் டிரைட்டன் குழு ஃபாஸ்ட்டிராக்கர் 2-ஐக் கொடுத்தது. 1995-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து ஜெஃப்ரி லிம் இம்பல்ஸ் டிராக்கரைக் கொடுத்தார். கொடுத்தார்கள், கொடுத்தார்கள், கொடுத்துக்கொண்டே இருந்தார்கள்!

பர்ப்பிள் மோஷனின் இயற்பெயர் யோன்னே வால்டோனென். பின்னாளில் அவர் சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ராவுக்கு எழுதுபவரானார். 2008-இல் ஜெர்மனியின் கொலோன் நகரில் நடந்த 'சிம்ஃபானிக் ஷேட்ஸ்' கச்சேரிக்கு விளையாட்டு இசையை ஆர்க்கெஸ்ட்ராவாக மாற்றிக் கொடுத்தவர் அவர்தான். 'ஸ்பேஸ் டெப்ரி' என்ற அமர மாட் கோப்பைச் செய்த 'கேப்டன்' யார் தெரியுமா? பின்லாந்தின் புகழ்பெற்ற ராக் குழுவான போயட்ஸ் ஆஃப் தி ஃபாலின் கீபோர்டுக் கலைஞர் மார்க்கஸ் கார்லோனென். 1998-இல் வந்த 'அன்ரியல்' விளையாட்டில் ஆட்டத்தின் சூடு ஏறும்போது இசையும் தாவி ஏறுகிறதே, அந்தப் பாட்டுகளும் டிராக்கரில் செய்யப்பட்டவைதான். ஒரு பேட்டர்னிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவது டிராக்கருக்குக் கைவந்த கலையாயிற்றே!

இந்த டெமோ கலை உலகத்தைப் பின்லாந்து 2020-இல் தன் தேசிய மரபுக்கலைப் பட்டியலில் சேர்த்தது. ஜெர்மனியும் போலந்தும் 2021-இல் பின்தொடர்ந்தன. படித்த அன்று நான் வீட்டில் எல்லாருக்கும் இனிப்பு வாங்கிக் கொடுத்தேன்.

படுக்கையறையிலிருந்து நடன அரங்குக்கு

இங்கிலாந்தில் இதே அமிகா வேறொரு தீயை மூட்டியது. தொழில்முறை சாம்ப்ளர் வாங்க வசதியில்லாத இளைஞர்கள் 'ஆக்டாமெட்' என்ற டிராக்கரை எடுத்துக்கொண்டார்கள். பின்லாந்தின் தெய்யோ கின்னுனென் எழுதியது. பவுலாவின் நாலு சேனலுக்குள் எட்டை அடக்கிக் காட்டும். அதில் டிரம் துண்டுகளை நறுக்கி, வேகம் ஏற்றி, கலைத்து அடுக்கி, ஜங்கிள் என்ற நடன இசையின் பல தட்டுகளைச் செய்தார்கள். 1992-இல் அர்பன் ஷேக்டவுன் குழுவின் 'சம் ஜஸ்டிஸ்' பிரிட்டனின் விற்பனைப் பட்டியலிலேயே ஏறியது. அந்தக் குழுவில் இருந்த கேவின் கிங்தான் அஃப்ரோடைட் என்ற பெயரில் அறியப்படும் ஜங்கிள் கலைஞர். கால்வின் ஹாரிஸ் 2007-இல் வெளியிட்ட தன் முதல் ஆல்பத்தைச் செய்ததும் பழைய அமிகாவில்தான். கனடாவின் வினிபெக்கில் வெனீஷியன் ஸ்னேர்ஸ் என்ற பெயரில் இயங்கும் ஆரன் ஃபங்க் ஆக்டாமெட்டில் வளர்ந்து, டிராக்கர் வழியை இன்றைய கணினிக்குக் கொண்டுவந்த ரெனாய்ஸுக்கு வந்தவர். 2005-இல் அவர் தந்த ஹங்கேரியப் பெயருள்ள ஆல்பத்தைக் கேளுங்கள்: வயலின்களுக்கு நடுவே டிரம்கள் சிதறும் அழகைப் பார்த்தால், வரிவரியாக எழுதியவனால்தான் இது முடியும் என்பது புரிந்துவிடும்.

ஜங்கிளின் உயிர் 'ஏமன் பிரேக்'. 1969-இல் தி வின்ஸ்டன்ஸ் குழுவின் 'ஏமன், பிரதர்' பாட்டில் கிரிகரி கோல்மன் தனியாக வாசித்த சில நொடி டிரம். டிராக்கரில் 9 என்று தொடங்கும் ஆணை ஒன்று உண்டு: சாம்பிளை எந்த இடத்திலிருந்து தொடங்க வேண்டும் என்று சொல்வது. அதை வைத்துக் கோல்மனின் ஒவ்வொரு அடியையும் தனித்தனியே பிடுங்கி வேறு வரிசையில் நட்டார்கள். ஆயிரக்கணக்கான பாட்டுகள் அந்தச் சில நொடிகளிலிருந்து முளைத்தன. கோல்மனுக்கு அதிலிருந்து ஒரு காசும் போய்ச் சேரவில்லை. வீடில்லாமல், 2006-இல் இறந்தார். ரசிகர்கள் 2015-இல் இணையத்தில் நிதி திரட்டி, குழுத் தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்சருக்கு 24,000 பவுண்டு கொடுத்தார்கள். அதற்குள் கோல்மன் போய்ச் சேர்ந்துவிட்டார்.

பகிர்வை இத்தனை நேசிக்கிற எனக்கு இது நெஞ்சில் குத்துகிறது. ஆகவேதான் அந்த 22 எழுத்துப் பெயர் வரிகளை நான் அத்தனை மதிக்கிறேன். எடுத்தவன் எங்கிருந்து எடுத்தேன் என்று கோப்புக்குள்ளேயே எழுதிவைக்கும் வழக்கம் அது. எல்லாரும் எழுதவில்லை. எழுதியவர்கள் பகிர்வின் தர்மத்தைக் காப்பாற்றினார்கள். ஒலி எங்கே போனாலும் உரியவரின் பெயரும் கூடவே போக வேண்டும்.

மெமரி கார்டில் ஒரு பாலைவனம்

எம்பி3 வந்தபின் கோப்பின் கதவு சாத்திக்கொண்டது. பாட்டு எங்கும் போனது, பக்குவம் உள்ளேயே தங்கிவிட்டது. ஆனாலும் கைக்குக் கை மாற்றும் அந்தப் பழைய வேகம் உலகின் வேறு மூலைகளில் பீறிட்டது. மாலியின் கிடால் பகுதியில் மக்கள் இணையம் இல்லாமலே செல்போனிலிருந்து செல்போனுக்கு ப்ளூடூத்தில் பாட்டு அனுப்பிக்கொண்டார்கள். அமெரிக்காவின் கிறிஸ்டோபர் கிர்க்லி அந்தச் செல்போன்களின் மெமரி கார்டுகளிலிருந்து சேகரித்த பாட்டுகளே 'மியூசிக் ஃப்ரம் சஹாரன் செல்ஃபோன்ஸ்' தொகுப்பு. அதில் நைஜர் நாட்டின் எம்து மொக்டார் பாடிய 'தஹுல்தின்' இருக்கிறது: டிரம் மெஷின் தட்ட, ஆட்டோட்யூனில் நெளியும் குரலும் துவாரெக் கிட்டாரும் பின்னிக்கொண்டு போகும் பாட்டு. பாலைவனத்துச் செல்போன்களில் சுற்றியவர் இன்று உலக மேடைகளில் கிட்டாரால் அனல் பறக்கவிடுகிறார். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பையன்கள் எஃப்எல் ஸ்டூடியோவில் செய்த 'கோம்' இசையும் வாட்ஸாப்பிலும் ஷேர் டாக்ஸிகளின் ஸ்பீக்கரிலும்தான் ஊர் சுற்றியது. கம்பெனி வரும்வரை யாரும் காத்திருக்கவில்லை.

நீங்களும் உடனே செய்ய வேண்டியது

ஓபன்எம்பிடி என்ற இலவச நிரலை விண்டோஸ் கம்ப்யூட்டரில் நிறுவுங்கள். வேறு கம்ப்யூட்டர் என்றால் மில்க்கிடிராக்கர். மாட் ஆர்க்கைவுக்குப் போய் மூன்று கோப்புகளை இறக்குங்கள். முதலில் கேப்டனின் 'ஸ்பேஸ் டெப்ரி': நாலு சேனலில் ஒரு விண்வெளிப் பயணம். அடுத்து, சானிட்டி குழுவின் ஜெஸ்டர் செய்த 'எலீசியம்': மெட்டு போட்டால் இப்படிப் போட வேண்டும். மூன்றாவதாக, 'செகண்ட் ரியாலிட்டி'க்குப் பர்ப்பிள் மோஷன் செய்த இசை: ஒலியைக் கூட்டி வைத்துக் கேளுங்கள், பக்கத்து வீட்டாருக்கும் பிடிக்கும்.

முதல் தடவை சும்மா கேளுங்கள். இரண்டாம் தடவை வரிகளைப் பார்த்தபடி கேளுங்கள். மூன்றாம் தடவை ஒரு சேனலை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றை அணையுங்கள். அது முடிந்ததும் அடுத்த சேனல். சாம்பிள் பெயர்களைத் தவறாமல் வாசியுங்கள். பிறகு 047 இருக்கும் ஒரு வரியைத் தேடிப் பிடித்து, 4-ஐ அழித்துவிட்டு 3 என்று தட்டுங்கள். சிரித்துக்கொண்டிருந்த பாட்டு அந்த ஒரு எண்ணில் முகம் வாடுவதைக் கேட்பீர்கள். கேட்டுவிட்டால் அடுத்த வரியையும் மாற்றிப் பார்க்கத் தோன்றும், அதற்கடுத்ததையும். ஹாம்பர்க்கிலும் ஹெல்சிங்கியிலும் பள்ளிப் பிள்ளைகள் இசையமைப்பாளர்கள் ஆனது அந்த ஆசையில்தான். அதற்கான கதவு இன்றும் திறந்தேதான் கிடக்கிறது. உங்கள் முதல் பாட்டைச் செய்துமுடித்ததும் 31 வரிகளில் ஒன்றில் உங்கள் பெயரை எழுதுங்கள். யாரிடமிருந்து கற்றீர்களோ அவர்கள் பெயரை அதற்கு மேல் வரியில் எழுதுங்கள். எழுதிவிட்டு, கேட்பவர்களுக்கெல்லாம் கொடுத்துவிடுங்கள்!